கிறிஸ்துமஸ் துணியை ஆடியிலேயே எடுங்கள்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் காட்பாடியில் பதினெட்டு வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். உங்கள் பத்திரிகையைத் தினமும் படிக்கிறவள்தான், ஆனால் கடிதம் எழுதுவது இதுவே முதல் தடவை. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 20 தாண்டினதும் வேலூர் லாங்கு பஜார் கூட்டத்தைப் படம் எடுத்து, கிறிஸ்துமஸ் விற்பனை களைகட்டியது என்று போடுகிறீர்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அதில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர்களில் எத்தனையோ பேர் அன்று சாயங்காலமே என்னைப் போன்ற தையற்காரர்களின் கடை வாசலில் வந்து நின்று, "அக்கா, எப்படியாவது தைத்துக் கொடுங்க, பிள்ளை அழுவுது" என்பார்கள். முடியாது என்று சொல்ல வாய் வராது, சரி என்று சொன்னால் கை வராது.

என் வேண்டுகோள் இதுதான். அந்தச் செய்தியை இந்த வருஷம் டிசம்பர் வரைக்கும் தள்ளாதீர்கள். ஆடி முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, அதற்குள் ஒரு நாள் அரைப் பக்கமாவது ஒதுக்கி, கிறிஸ்துமஸுக்கு இப்போதே துணி எடுங்கள், இப்போதே காசு ஒதுக்குங்கள் என்று எழுதுங்கள். ஆகஸ்டில் கிறிஸ்துமஸா என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும்.

இந்த வருஷம் இதை அவசரமாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. போன வருஷம் தீபாவளி அக்டோபர் 20. அதிலிருந்து கிறிஸ்துமஸுக்கு 66 நாள் இருந்தது. இந்த வருஷம், 2026இல், தீபாவளி நவம்பர் 8, கிறிஸ்துமஸுக்கு 47 நாள்தான் மிச்சம். தீபாவளி முடிந்து தையற்காரர்கள் ஒரு வாரமாவது முதுகை நிமிர்த்துவோம். அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழை. நவம்பர் 29 ஞாயிற்றுக்கிழமை ஆலயங்களில் கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகிற வருகைக்காலம் தொடங்கிவிடும், அன்றிலிருந்து ஞாயிறுக்கு ஞாயிறு பாட்டுப் பயிற்சி, வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்டு, நாடகம் என்று வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை 23ஆம் தேதி வாக்கில்தான் முடியும். பரீட்சை முடிந்த பிறகுதான் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போவேன் என்று இருக்கிற அம்மாவுக்கு இரண்டே நாள். அதிலும் ஒரு நாள் பலகாரம் சுட்டாக வேண்டும்.

மழையை நம்பி எதையும் திட்டம் போட முடியாது என்பது நம் ஜில்லாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தோம். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையேறி, அப்படியே நம் பக்கம் நகர்ந்து வந்து கொட்டியது. எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. காலால் மிதிக்கிற பழைய மிஷின் ஒன்று இருப்பதால் தையலை ஓரளவு ஓட்டினேன், ஆனால் துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மிஷினும் இஸ்திரிப் பெட்டியும் கரண்ட் இல்லாமல் நடக்காது. அந்த இரண்டு நாள் பின்னடைவு 24ஆம் தேதி இரவு வரைக்கும் என்னைத் துரத்தியது.

அந்த இரவில் நடந்ததைச் சொல்கிறேன். 23ஆம் தேதி எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு அம்மா மெரூன் வெல்வெட் துணி இரண்டு மீட்டர் கொண்டுவந்தார். அவர் மகளுக்கு ஒன்பது வயது, முழங்கால் வரைக்கும் ஃபிராக் கேட்டாள். காலையில் நாலரை மணிக்கு ஆராதனை. நான் அந்தத் துணியை வெட்ட உட்காரும்போது 24ஆம் தேதி இரவு மணி பன்னிரண்டரை. வெல்வெட்டைத் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கமாகத் தடவினால் படிந்து பளபளக்கும், எதிர்ப்பக்கமாகத் தடவினால் முடி எழும்பி நிறம் மாறும். அதனால் முன் பாகம், பின் பாகம் எல்லாவற்றையும் ஒரே திசையில் வைத்து வெட்ட வேண்டும். தையல் கற்றுக்கொள்கிற பெண்ணுக்கு முதல் மாதத்திலேயே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் பின் பாகத்தைத் தலைகீழாக வைத்து வெட்டிவிட்டேன். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எனக்குத் தெரியவே இல்லை. மூன்றரை மணிக்கு அந்தப் பெண் தலைக்குக் குளித்து ஈரம் சொட்டச் சொட்ட வந்து வாங்கிக்கொண்டு போனாள். ஆலயத்தில் பெரிய விளக்குகளுக்குக் கீழே அவள் பீடத்துக்குப் போய்ப் பாடும்போதுதான் பார்த்தேன், முன்பக்கம் ஒரு மெரூன், பின்பக்கம் கருத்துப் போன வேறொரு மெரூன். பக்கவாட்டுத் தையலில் இரண்டு நிறமும் கோடு போட்ட மாதிரி பிரிந்து தெரிந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். பாட்டு முடிந்து திரும்பி வரும்போது அவள் முதுகைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டே நடந்தாள்.

அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் கூலியைத் திருப்பிக் கொடுத்து, ஜனவரியில் வேறு துணி எடுத்துத் தைத்தும் கொடுத்தேன். ஆனால் கிறிஸ்துமஸ் அன்றைக்குப் போட வேண்டியதை ஜனவரியில் கொடுத்து என்ன? அந்த வருஷத்திலிருந்து டிசம்பர் 10க்கு மேல் நான் தைக்கத் துணி வாங்குவதில்லை.

தையல் கணக்கு வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். லைனிங் வைத்த ஜாக்கெட் ஒரு நாளைக்கு நாலுதான் ஒழுங்காக வரும். அதற்கு மேல் தைத்தால் ஹெம்மிங் தூக்கிக்கொள்ளும், ஹூக் ஒரு வாரத்தில் கழன்று வரும். லைனிங் துணியை முந்தின நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையில் உள் துணி சுருங்கி மேல் துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். மழைக்காலத்தில் லைனிங் காய்வதற்கே ஒரு நாள் போகும். ஆரி வேலை, புடவைக்குக் குச்சு, ஃபால்ஸ் என்று கேட்டால் அதெல்லாம் வேறு வேறு கைக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். டிசம்பர் மூன்றாவது வாரத்தில் கேட்டால், "முடியும்" என்று சொல்கிற கடைக்காரர் ஒன்று தன் உடம்பைக் கெடுத்துக்கொள்வார் அல்லது உங்கள் துணியைக் கெடுப்பார்.

வேலூரில் ரம்ஜானுக்குத் துணி தருகிற குடும்பங்களைப் பார்த்து நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். என்னிடம் வருகிற முஸ்லிம் அம்மாக்கள் நோன்பு பிறப்பதற்கு முன்பாகவே அளவு கொடுத்துவிடுவார்கள், பாதி நோன்பில் துணி தைத்து வீட்டுக்குப் போயிருக்கும். நோன்பு மாதத்தில் கடைத்தெருவில் அலைய முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். கோட்டைக்குள்ளே ஜலகண்டேசுவரர் கோயில், மசூதி, பரிசுத்த யோவான் ஆலயம் மூன்றும் ஒரே மதிலுக்குள் இருக்கிற ஊர் இது, எல்லாப் பண்டிகைக்கும் நமக்கு ஒரே கடைவீதிதான், ஒரே தையற்காரர்தான். அவர்களிடம் இருக்கிற அந்த ஒரு பழக்கத்தை நாமும் எடுத்துக்கொண்டால் என்ன?

ஆடித் தள்ளுபடியைப் பற்றிப் பலருக்குச் சந்தேகம் இருக்கிறது, பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறார்கள் என்று. சில இடத்தில் அப்படித்தான். ஆனால் மீட்டர் துணிக்கு, அதாவது காட்டன், ரேயான், லைனிங், சட்டைத் துணி இதற்கெல்லாம் பழசு புதுசு என்று பெரிய வித்தியாசம் கிடையாது. வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தில் சாயம் வெளுத்திருக்கிறதா, மடிப்பில் இழை நைந்திருக்கிறதா என்று பார்த்து எடுத்தால் போதும். ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலைக்கும் ரத்தினகிரிக்கும் காவடி போகிற நாட்களில் மட்டும் பஸ்ஸில் ஏற முடியாது, மற்ற நாட்களில் கடைக்காரர் நாலு துணியைப் பிரித்துக் காட்டப் பொறுமையாக இருப்பார். டிசம்பர் 22இல் எந்தக் கடையில் நாலாவது துணியைப் பிரிப்பார்கள்?

பிள்ளை நாலு மாதத்தில் வளர்ந்துவிடுமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். துணியை இப்போது எடுங்கள், அளவை நவம்பர் கடைசியில் கொடுங்கள், தையற்காரரிடம் மட்டும் இப்போதே சொல்லி இடம் பிடித்து வையுங்கள். இன்னும் ஒன்று, பக்கத்தில் இரண்டு விரல் அளவு துணி உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், அடுத்த வருஷமும் பிரித்து விட்டுக்கொள்ளலாம். ரெடிமேட் எடுக்கிறவர்கள் பிள்ளைகளுக்கு இப்போது எடுக்க வேண்டாம், பெரியவர்களுக்கு எடுக்கலாம். ஷூவை மட்டும் கண்டிப்பாக முன்கூட்டி வாங்காதீர்கள், பிள்ளைகளின் கால் எப்போது வளரும் என்று சொல்ல முடியாது. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்திலேயே இருக்கும்போது ஷூவுக்கு என்ன அவசரம்?

அடுத்தது காசு. என் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது, அட்டையில் கிறிஸ்துமஸ் என்று எழுதியிருப்பேன். போன வருஷக் கணக்கு அதில் இருக்கிறது. நாலு பேருக்குத் துணியும், நான் தைக்காத ஆண் உடைகளுக்குக் கூலியுமாக 6,200, பலகாரமும் கேக்கும் 2,900, கேரல் ரவுண்டு வந்த இரவு நாற்பது பேருக்கு டீயும் பிஸ்கட்டும் 850, 25ஆம் தேதி பிரியாணி 2,600, காணிக்கையும் இல்லாதவர்களுக்குக் கொடுத்ததும் 1,000, நட்சத்திரம் சீரியல் பல்பு 800, மொத்தம் 14,350 ரூபாய். ஒரே மாதத்தில் இதை எடுத்து வைக்க எங்களைப் போன்ற குடும்பத்தால் ஆகாது. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை ஐந்து மாதமாகப் பிரித்தால் மாதம் 2,870. அதுவும் கஷ்டம்தான், ஆனால் முடிகிற கஷ்டம்.

முடியாதபோது என்ன ஆகிறது என்று எல்லாருக்கும் தெரியும், தண்டல் வாங்குகிறார்கள். 10,000 ரூபாய் என்று பேசி, 8,500 கையில் கொடுத்து, தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் வசூல். இந்த வருஷம் டிசம்பர் 18இல் ஒருவர் தண்டல் வாங்கினால் நூறாவது நாள் 2027 மார்ச் 28. காலண்டரை எடுத்துப் பாருங்கள், அன்றைக்கு ஈஸ்டர். கிறிஸ்துமஸ் கடனைக் கட்டிக்கொண்டே புது வருஷம், பொங்கல், நாற்பது நாள் லெந்து தவக்காலம் முழுவதும் கடந்து, உயிர்த்தெழுந்த பண்டிகைக்குப் புதுத்துணி எடுக்க மறுபடியும் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பார்கள். என் கடைக்கு எதிரில் தினமும் சாயங்காலம் தண்டல்காரர் வண்டியை நிறுத்தி சீட்டில் குறிப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்த நேரத்தில் சில வீட்டுக் கதவு திறப்பதே இல்லை.

சீட்டு போடலாமே என்பார்கள். பலகாரச் சீட்டு, கிறிஸ்துமஸ் சீட்டு என்று மாதம் 500 வாங்கிக்கொண்டு டிசம்பரில் மளிகையும் பாத்திரமும் தருவதாகச் சொல்கிறவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. நானும் ஒரு இடத்தில் பத்து மாதம் கட்டினேன். பதினோராவது மாதம் அந்த வீடு பூட்டியிருந்தது. 5,000 ரூபாய் போனது. என்னை நம்பி என் வாடிக்கையாளர்கள் மூன்று பேர் அதில் சேர்ந்திருந்தார்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஆகவே ஜனவரியில் தொடங்க முடிகிறவர்கள் வங்கியில் மாதாமாதம் கட்டுகிற ஆர்.டி. போடுங்கள், பன்னிரண்டு மாதம் கட்டாவிட்டாலும் ஆறு மாதத்துக்குக்கூட போடலாம். இந்த வருஷத்துக்கு அதற்கு நேரம் இல்லை, தபால் ஆபீஸில் 500 ரூபாய்க்குச் சேமிப்புக் கணக்கு தொடங்கி அதில் போட்டுவையுங்கள், வீட்டில் உண்டியலாக வைத்தால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று நடுவில் கரைந்துவிடும்.

ஷூ கம்பெனிகளிலும் தோல் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிற எங்கள் சபைக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு போனஸ் வருவது பெரும்பாலும் தீபாவளிக்கு முன்னால். சட்டப்படி குறைந்தது வருஷ அடிப்படைச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட ஒரு மாத அடிப்படைச் சம்பளம். தெரு முழுக்கப் பட்டாசு வெடிக்கும்போது நம் பிள்ளை சும்மா இருக்குமா, அதில் ஒரு பங்கு போகத்தான் போகும், போகட்டும். பாதியை மட்டும் அந்த வாரமே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். என் கணவரும் அந்த வேலைதான், நாங்கள் ஆறு வருஷமாக அப்படித்தான் செய்கிறோம்.

பலகாரத்திலும் முன்கூட்டிச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மார்கழியில் வெயில் இருக்காது, அதனால் அச்சு முறுக்குக்கும் முறுக்குக்கும் அரிசியை நவம்பரில் வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து இடித்து, வறுத்து, டப்பாவில் அடைத்துவிடுவேன். அதிரசத்துக்குப் பாகு மாவு பிசைந்து வைத்தால் நாள் ஆக ஆகப் பதம் கூடும், கெடாது. கல்கலா என்கிற இனிப்பை மட்டும் எல்லாரும் உட்கார்ந்து சீப்பில் உருட்டினால்தான் பண்டிகை மாதிரி இருக்கும், அதை 23, 24க்கு வைத்துக்கொள்ளுங்கள், பரீட்சை முடிந்த பிள்ளைகளுக்கும் வேலை கொடுத்த மாதிரி ஆகும். நட்சத்திரமும் குடில் பொம்மைகளும் ஜனவரி முதல் வாரத்தில் மிச்ச சரக்காகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், நான் அடுத்த வருஷத்துக்கானதை அப்போதே வாங்கிப் பரணில் வைத்துவிடுவேன். குடில் பொம்மைகளை உங்கள் பேப்பரில்தான் சுற்றி வைத்திருக்கிறேன், மாதாவின் கை இதுவரை உடையவில்லை. மரத்துக்கு மட்டும் ஒரு கவலையும் வேண்டாம், சவுக்குக் கிளை அந்த வாரம் தெருவிலேயே வரும்.

சபைக் கமிட்டிகளுக்கும் ஒரு விண்ணப்பம். ஏழை விதவைகளுக்குப் புடவை, வயதானவர்களுக்குக் கைலி, துண்டு என்று வருஷா வருஷம் கொடுக்கிறீர்கள், நல்ல காரியம். ஆனால் அதையும் டிசம்பர் 20க்கு மேல் வாங்குவதால் கிடைத்ததைத்தான் வாங்க முடிகிறது. ஒருமுறை ஒரு பாட்டி, சபையில் தனக்குக் கொடுத்த புடவையை என்னிடம் கொண்டுவந்து, இதில் இரண்டு தலையணை உறை தைத்துக் கொடு என்றார். கட்டவே முடியாத அளவுக்கு மெல்லிசு, நுனியைப் பிடித்து இழுத்தால் கிழிகிறது. குடியாத்தத்தில் தறி போடுகிறவர்கள் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். இப்போது போய் எத்தனை கைலி, எத்தனை துண்டு என்று சொல்லி முன்பணம் கொடுத்தால் டிசம்பருக்கு நல்ல சரக்கு வந்து சேரும், அவர்களுக்கும் நாலு மாதத்துக்கு வேலை இருக்கும். புடவைக்கு கோ-ஆப்டெக்ஸில் தீபாவளியை ஒட்டி 30 சதவீதம் தள்ளுபடி அறிவிப்பார்கள், அந்தச் சமயம் வாங்கி வைத்துவிடலாம்.

ஐயா, கடிதம் நீண்டுவிட்டது, வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைச் சுருக்கிப் போடுங்கள். வெல்வெட் ஃபிராக் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண் இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள், இந்த வருஷம் ஜூலையிலேயே துணி எடுத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். என்னிடம் தைக்கிற மற்றவர்கள், நவம்பர் கடைசி வாரத்தில் அளவு கொடுக்க வரும்போது, நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். டிசம்பர் 10 வியாழக்கிழமை இரவு எட்டு மணியோடு புதுத் துணி வாங்குவதை நிறுத்திவிடுவேன்.

இப்படிக்கு,
காட்பாடி தையற்காரி ஒருத்தி